மூன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? முதல் வேலையாக, உங்கள் பயிற்சி நிறுவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய் மூன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பாடம், வாரத்துக்கு இரண்டு நாள், ஆறு வாரம். மற்றதெல்லாம் பிறகு.

மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் கணக்குப் பாடத்துக்கு விரிவுரையாளராகச் சேர்ந்து 22 ஆண்டுகள் ஓடிவிட்டன. வரும் மே மாதம் ஓய்வு. போன ஆண்டு எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் தேநீர் இடைவேளையில் கேட்டார்: "மேடம், ஆசிரியர்களுக்கு நாம் பயிற்சி கொடுக்கிறோம். நமக்கு யார் கொடுப்பார்கள்?" வழக்கமான பதிலைச் சொன்னேன். சென்னையிலிருந்து கடிதம் வரும், போய்வந்தால் சான்றிதழ் தருவார்கள், ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். அவரும் தலையாட்டிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். என் பீரோவில் அப்படி வந்த சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை உருவி, அந்த ஐந்து நாளில் என்ன கற்றாய் என்று யாராவது கேட்டால் மதியச் சாப்பாட்டைப் பற்றி வேண்டுமானால் சொல்வேன். அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

நான் எங்கிருந்து இந்த வேலைக்கு வந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எம்.எஸ்ஸி., எம்.எட்., மேல்நிலைப் பள்ளியில் 9 ஆண்டுகள் முதுகலை ஆசிரியர். பதினோராம் வகுப்புக்கு நுண்கணிதம் நடத்திக்கொண்டிருந்தவள், ஒரு ஜூன் மாதத்தில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கையாளும் ஆசிரியர்களுக்குக் கணக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர உட்கார்த்தப்பட்டேன். அதுவரை ஏழு வயதுக் குழந்தை ஒன்றின் எதிரே கணக்கு நோட்டோடு நான் உட்கார்ந்தது என் மகளோடு மட்டும்தான்; அதுவும் பெரும்பாலும் அழுகையில் முடிந்தது. யாருடைய அழுகை என்று கேட்காதீர்கள்.

இங்கிலாந்தில் பள்ளியிலிருந்து ஆசிரியர் கல்விக்கு வந்தவர்களைப் பற்றி ஜீன் மரே, டிரெவர் மேல் என்ற இருவர் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைகளுக்குக் கற்பிப்பது முதல் வரிசை வேலை, கற்பிப்பவருக்குக் கற்பிப்பது இரண்டாம் வரிசை வேலை. முதலாவதில் கெட்டிக்காரராக இருந்தவருக்கும் இரண்டாவதில் காலூன்ற இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கின்றன என்பது அதன் சாரம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே அவர்கள் முதல் வரிசையில் நின்றுவிட்டு வந்தவர்கள். எங்களில் பலர் தொடக்கப் பள்ளி என்ற அந்த வரிசையில் ஒரு நாள்கூட நின்றதில்லை. பயிற்சிக்கு வரும் இடைநிலை ஆசிரியர்களுக்கு, அதாவது தொடக்க வகுப்புகளை நடத்துகிறவர்களுக்கு, இது நன்றாகத் தெரியும். மரியாதைக்காக வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்குள் நுழைவது எப்படி

முதல் இரண்டு வாரம் யாரும் உங்களை நம்ப மாட்டார்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்லி, உங்கள் முதல்வரின் கடிதத்தோடு போனாலும், தலைமையாசிரியை முதலில் எடுத்து நீட்டுவது பார்வையாளர் பதிவேடாகத்தான் இருக்கும். அதை வாங்காதீர்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டால், நன்றி சொல்லிவிட்டு வகுப்பறைக்கு நடந்துவிடுங்கள். கையில் தோல்பை, கழுத்தில் அடையாள அட்டை இரண்டும் வேண்டாம். நான் முதல் நாள் அடையாள அட்டையோடு போய், நாலாம் வகுப்புச் சுவரில் சார்ட் மாட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஈராசிரியர் பள்ளி கிடைத்தால் இன்னும் நல்லது. ஐந்து வகுப்புகளை இருவர் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை உடம்பால் உணர்ந்த பிறகு, "குழுச் செயல்பாட்டுக்கு 20 நிமிடம்" என்று பயிற்சிக் கட்டகத்தில் எழுதக் கை கூசும். மூன்றாம் வகுப்பு ஆசிரியையை வெளியே அனுப்பிவிடாதீர்கள். அவரும் உள்ளேயே இருக்கட்டும். முன்மாதிரி வகுப்பு என்று ஜிகினா ஒட்டிய துணைக்கருவியை எடுத்துப் போகாதீர்கள். அன்று பாடநூலில் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்தைத்தான் நடத்த வேண்டும். அது சலிப்பான பக்கமாக இருந்தால் அந்தச் சலிப்பும் உங்கள் பாடம்.

இப்படிப் போன மூன்றாவது வாரத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இனமாற்றத்துடன் கழித்தல். நம் காலத்தில் "கடன் வாங்கிக் கழித்தல்" என்போமே, அதுதான். இதை எப்படிக் கற்பிப்பது என்று குறைந்தது 15 ஆண்டுகள் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பத்துப் பத்துக் குச்சிகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது, ஒன்றுகள் போதாதபோது ஒரு கட்டை அவிழ்ப்பது. கண்ணை மூடிக்கொண்டு செய்துகாட்டுவேன்.

இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி. 52-இலிருந்து 27 போக வேண்டும். ஐந்து கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் எடுத்து வைத்தாள். ஒரு கட்டை அவிழ்த்தாள். ஏழு குச்சிகளை எண்ணித் தள்ளினாள், இரண்டு கட்டுகளைத் தள்ளினாள், மிச்சத்தை எண்ணி "இருபத்தைந்து" என்றாள். ஒரு தடுமாற்றமும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பாசிரியையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். "அருமை. இப்போது பலகையில் எழுது" என்றேன். 52, அதன் கீழே 27, கோடு. விடை 35.

"குச்சியில் 25 வந்ததே?"

"ஆமாம், டீச்சர்."

"பலகையில் 35 வந்திருக்கிறதே?"

"ஆமாம், டீச்சர்."

"எது சரி?"

நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பதுபோல் பார்த்தாள். "அது குச்சிக் கணக்கு, டீச்சர். இது பலகைக் கணக்கு."

சரி, காசுக்கு மாறுவோம் என்று, உன்னிடம் 52 ரூபாய் இருக்கிறது, கடையில் 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் கையில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். விரலை மடக்கினாள். இருபத்தேழிலிருந்து முப்பதுக்கு மூன்று, முப்பதிலிருந்து ஐம்பதுக்கு இருபது, அப்புறம் இரண்டு. "இருபத்தைந்து ரூபாய்." நான் கற்பித்த முறைகள் எதிலும் இல்லாத, சந்தையில் அம்மாவோடு நின்று பழகிய கணக்கு. பிறகு பலகையைப் பார்த்தாள். அழிக்கவில்லை. "பலகையில் இப்படித்தான் வரும்."

ஏன் இப்படித்தான் வரும் என்று இழுத்து இழுத்துக் கேட்டதில் காரணம் கிடைத்தது. ஒன்றுகள் இடத்தில் மேலே 2, கீழே 7. "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க முடியும்" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எனவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று. விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் பக்குவமாகக் கேட்டேன், இந்த வாக்கியத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று. அவர் தயங்கினார். பிறகு, "மேடம், வட்டார வள மையத்தில் நடந்த கணக்குப் பயிற்சியில் நீங்கள்தான் சொன்னீர்கள். குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்" என்றார்.

மாநிலக் கருத்தாளரிடமிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து வகுப்பறை என்று இறங்குகிற பயிற்சி, கீழே போகப் போக நீர்த்துவிடுகிறது என்று எல்லாக் கூட்டத்திலும் புலம்புவோம். என் குச்சிக்கட்டு நீர்த்துத்தான் போயிருந்தது. நான் போகிற போக்கில் சொன்ன அந்த அரைகுறை வாக்கியம் மட்டும் ஒரு சொட்டுக் குறையாமல் மூன்றாம் வகுப்புப் பலகை வரை போய்ச் சேர்ந்திருந்தது.

இதை எனக்கு எந்தப் பயிற்சியும் சொல்லியிருக்காது. நான் நடத்திய பயிற்சிகளின் பின்னூட்டப் படிவங்களில் எல்லாம் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றுதான் எழுதியிருந்தது.

குறிப்பேடு

பள்ளியை விட்டுக் கிளம்பும் முன், வாசலிலேயே, நாலு வரி எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால் குழந்தை சொன்னது போய், நாம் சொல்ல விரும்பியது வந்துவிடும். இடப்பக்கத்தில் நடந்தது மட்டும்: யார் என்ன சொன்னார்கள், அவர்கள் சொற்களிலேயே. வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அதில் எழுதுங்கள். "அது குச்சிக் கணக்கு" என்பதற்கு எதிரே நான் முதலில் எழுதியது "இடமதிப்புக் கருத்து வலுப்படவில்லை". நம் துறைக்கே உரிய வாக்கியம், யாருக்கும் எதுவும் சொல்லாத வாக்கியம். அதை அடித்துவிட்டு எழுதியது: "குச்சிக்கும் எண்ணுக்கும் நடுவே நான் எதையும் வைக்கவில்லை. அவிழ்த்தவுடன் பலகையில் என்ன மாற வேண்டும் என்று ஒருமுறைகூடக் காட்டவில்லை." இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. அவசரப்பட்டால் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுவோம்.

அதன்பின் என் பயிற்சியில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். குச்சிக்கட்டை அவிழ்க்கிற அதே நொடியில் பக்கத்தில் இருப்பவர் பலகையில் 5-ஐ அடித்து 4 ஆக்கி, 2-ஐ 12 ஆக்க வேண்டும். ஒருவர் கை அவிழ்க்கும், ஒருவர் கை எழுதும். "பெரிய எண்ணிலிருந்துதான்" என்ற அந்த வாக்கியத்தை நானாக விட்டுவிட்டேன். ஆறாம் வகுப்பில் போய்க் குறை எண்கள் படிக்கும்போது அது எப்படியும் பொய்யாகப் போகிற வாக்கியம்தானே.

உங்கள் குரலை நீங்களே கேட்பது

இது கொஞ்சம் வலிக்கும். பயிற்சி அமர்வு ஒன்றில் கைபேசியின் ஒலிப்பதிவை இயக்கி மேசைமேல் வைத்துவிடுங்கள். எதிரே இருப்பவர்களிடம் சொல்லிவிடுவது முக்கியம்: பதிவு எனக்காக, உங்களை மதிப்பிட அல்ல. 40 நிமிடம் போதும். முழு நாளையும் பதிவு செய்தால் ஒருநாளும் கேட்க மாட்டீர்கள்.

கேட்கும்போது மொத்தமாக ரசிக்கவோ நொந்துகொள்ளவோ கூடாது. எதையாவது எண்ண வேண்டும். நான் முதல்முறை மூன்றை எண்ணினேன். 40 நிமிடத்தில் நான் பேசியது 33 நிமிடம். தலைப்பு, குழந்தைமையக் கற்றல். "புரிகிறதா?" என்று கேட்டது 31 முறை. அதில் ஒருமுறைகூட யாரும் புரியவில்லை என்று சொல்லவில்லை. சொல்ல நான் இடமும் விடவில்லை. மூன்றாவது, கேள்வி கேட்டபின் நான் காத்திருந்த நேரம். கடிகார முள்ளை வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரு நொடி. அதற்குள் நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன், அல்லது முன்வரிசையில் எப்போதும் பதில் சொல்பவரின் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கண்டது இதையேதான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்கள் திறந்தார்கள். எம்.எட். தேர்வில் இதைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள் நான். மூன்று நொடி என்பது நிற்பவருக்கு எத்தனை நீளம் என்பது என் குரலைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. எனக்குக் கைகொடுத்தது தண்ணீர் பாட்டில். கேள்வியைக் கேட்டுவிட்டு மூடியைத் திருகித் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு மூடுவேன். ஐந்து நொடியாவது ஆகிவிடும். வாயில் தண்ணீர் இருக்கும்போது பேசவும் முடியாது.

செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்வது

பட்டயப் படிப்பு மாணவ ஆசிரியர் ஒருவர் முதலாண்டு முடிவில் என்னிடம் வந்து, மிகப் பணிவாக, "மேடம், குழுமுறையில் கற்பிப்பதைப் பற்றி நீங்கள் நடத்திய விரிவுரை ஒன்றரை மணி நேரமும் நன்றாக இருந்தது" என்றார். கிண்டலா, பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. கிண்டல் என்று வைத்துக்கொண்டதில் எனக்கு நன்மைதான்.

நம் வேலையின் தனிச்சிக்கல் இது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் விரிவுரை செய்வதைப் பார்த்து மாணவர் அறுவைச் சிகிச்சையைப் பழகுவதில்லை. நம் வகுப்பிலோ, நாம் சொல்வதும் பாடம், நிற்கிற விதமும் பாடம். இரண்டும் மோதினால் மாணவர் எடுத்துக்கொள்வது இரண்டாவதை. ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது பாடத்தை நடுவில் நிறுத்தி, நான் ஏன் இப்போது இப்படிச் செய்தேன் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "பின்வரிசை தூங்குவது தெரிந்தது; அதனால் எழுதச் சொன்னேன். உண்மையில் அந்த எழுத்துவேலைக்கு வேறு நோக்கம் கிடையாது." இப்படி ஒருமுறை சொன்னபோது வகுப்பு முழுக்கச் சிரித்தது. அடுத்த வாரம் கற்பித்தல் பயிற்சிக்குப் போன இரண்டு மாணவிகள் தங்கள் பாடக்குறிப்பில் இதேபோல் மனம்திறந்து எழுதியிருந்தார்கள். தவறைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று நம்மவர்களுக்குப் பெரிய பயம். எனக்கு அப்படி எதுவும் போகவில்லை. குச்சிக் கணக்குக் கதையை இப்போது ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். அதன்பின் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

பின்னூட்டப் படிவத்தைத் தூக்கிப்போட முடியாது, தணிக்கைக்கு வேண்டும். அதை நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் இதில் எதைச் செய்வீர்கள்? எதைச் செய்யவே முடியாது, ஏன்? பெயர் வேண்டாம், விரும்பினால் தொலைபேசி எண் எழுதலாம். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் எனக்குக் கிடைத்த உண்மையான பணியிடைப் பயிற்சி. "நான்கு குழு போட என் வகுப்பறையில் இடமில்லை, மழை பெய்தால் இரண்டு வகுப்புகள் ஒரே அறையில்" என்று ஒருவர் எழுதியிருந்தார். "அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலைக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கச் சொல்கிறீர்கள். ஒருமுறை செய்துகாட்டுங்கள்" என்று, குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி மூன்று குழுவாகப் பிரிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பயிற்சியில் இன்னொருவர். போய்ச் செய்தேன். 25 நிமிடத்தில் மொட்டுக் குழுவை மறந்தே போனேன். மூன்று வாரம் கழித்து இரண்டு பேரையாவது தொலைபேசியில் கூப்பிடுங்கள். என்ன ஆயிற்று என்று மட்டும் கேளுங்கள், அறிவுரை சொல்லாதீர்கள். கஷ்டம்தான்.

செயலாய்வு

ஆண்டுதோறும் ஒரு செயலாய்வு, அதாவது கற்பித்தலில் உள்ள ஒரு சிக்கலுக்குத் தீர்வைச் செய்துபார்த்து எழுதும் ஆய்வு, சமர்ப்பிக்க வேண்டியது எங்கள் கடமைகளில் ஒன்று. எங்கள் நூலகத்தில் ஒரு தனி அலமாரி முழுக்க இருக்கிறது. எல்லாம் "திறனை மேம்படுத்துதல்" அல்லது "இடர்ப்பாடுகளைக் களைதல்". முன்தேர்வில் சராசரி குறைவு, இடையீடு, பின்தேர்வில் சராசரி அதிகம், முடிவு வெற்றி. தோல்வியில் முடிந்த ஒரு செயலாய்வை அந்த அலமாரியில் நான் பார்த்ததில்லை. என்னுடையவையும் அதில் அடக்கம்.

இதை உருப்படியாக்க ஒரு வழி இருக்கிறது. ஆய்வுப் பொருளாகக் குழந்தைகளை வைக்காமல் உங்களையே வையுங்கள். தங்கள் கற்பித்தலைத் தாங்களே ஆராய்வதற்கென்று அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தில் ஆசிரியர் கல்வியாளர்கள் 1993-லேயே ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்து ஜான் லாஃப்ரன் போன்றவர்கள் இதற்காகவே நிறைய எழுதியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. "நான் காத்திருக்கும் நேரத்தை ஒரு நொடியிலிருந்து நீட்டினால் பின்வரிசையினர் பேசுகிறார்களா?" என்ற ஒரு கேள்வி போதும். எட்டுப் பதிவுகள். எனக்குக் கிடைத்த முடிவு: ஆறு பதிவுகளில் பேசினார்கள், மேலதிகாரி உள்ளே இருந்த இரண்டு அமர்வுகளில் ஒருவரும் பேசவில்லை, நானும் பழையபடி ஒரு நொடிக்குத் திரும்பிவிட்டேன். இதை அப்படியே எழுதிச் சமர்ப்பித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது படித்தார்களா என்பது வேறு விஷயம்.

கூட ஒருவர்

தனியாகச் செய்தால் இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடும். சக விரிவுரையாளர் ஒருவரைப் பிடியுங்கள். வேறு பாடமாக இருந்தால் இன்னும் நல்லது. எனக்கு வாய்த்தவர் தமிழ் விரிவுரையாளர். கணக்கு தெரியாததால் அவர் கண் கணக்கின் மேல் போகாது, ஆட்கள் மேல் போகும். ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டோம்: வகுப்புக்கு முன்பு நான் ஒரு கேள்வி கொடுப்பேன், அவர் அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். "இடதுபக்க வரிசையை நான் எத்தனை முறை பார்க்கிறேன்?" அவ்வளவே. விதி இல்லாவிட்டால் ஒன்று "பிரமாதம்" என்பார்கள், இல்லாவிட்டால் புடவை நிறத்திலிருந்து கரும்பலகை எழுத்து வரை குறை சொல்வார்கள். இன்னொன்று: உங்கள் பணி மதிப்பீட்டை எழுதும் அதிகாரமுள்ள யாரையும் இதில் சேர்க்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். முன்பு ஓரிடத்தில் நாங்கள் நால்வர் மாதம் ஒருநாள் கூடிப் படித்துப் பேசுவது நன்றாக நடந்துகொண்டிருந்தது. மேலிடத்துக்குத் தெரிந்து, பாராட்டி, வருகைப் பதிவேடும் அறிக்கைப் படிவமும் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் கூட்டம் நின்றது, அறிக்கை மட்டும் இன்னும் சில மாதம் போய்க்கொண்டிருந்தது.

அழைத்து நடத்தப்படும் பயிற்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போங்கள். ஒரு கேள்வியோடு போங்கள், அதற்குப் பதில் தெரிந்த ஒருவரை மதிய உணவு வரிசையில் தேடுங்கள். வேறு மாவட்டத்தில் உங்களைப் போலவே தடுமாறும் ஒருவரின் எண் கிடைத்தால் பயணப்படிக்கு மேல் லாபம். இணையவழிப் படிப்புகளில் காணொலியை ஓடவிட்டுச் சமையல் செய்யாதவர்கள் முதல் கல்லை எறியட்டும். முனைவர் பட்டம் பதவி உயர்வுக்கு உதவும். வகுப்பறைக்கு உதவுமா என்பது நீங்கள் எடுக்கிற தலைப்பைப் பொறுத்தது.

எங்களை யாருமே நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து இந்த மாவட்ட நிறுவனங்கள் பிறந்தன. 1989-இல் வந்த வழிகாட்டி நெறிகள் ஏழு பிரிவுகளை வகுத்தன. அந்த ஏழில் எதுவும் எங்களைப் பயிற்றுவிப்பதற்கானது அல்ல. ஆசிரியர் கல்விக்கான 2009-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தில் ஆசிரியர் கல்வியாளர்களைத் தயாரிப்பது பற்றி ஓர் இயல் உண்டு. 2020 கொள்கை ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரம் பணிமேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்றது. மணிக்கணக்கு வந்தால் பதிவேடு வரும், பதிவேடு வந்தால் கையெழுத்து வரும். நான் சொல்கிற ஆறு வாரத்தைக் கூட்டிப் பார்த்தால் 12 நாள், நாளுக்கு ஒரு பாடவேளை. எந்தக் கணக்கிலும் அது சேராது. சேர்க்க முயலாதீர்கள்.

எப்போது தொடங்குவது என்றால், ஜூன் வேண்டாம். சேர்க்கை, பாடநூல் வழங்கல், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு என்று பள்ளியே அல்லாடும். ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் முடிந்துவிடும். தேர்தல் ஆண்டில் அதற்கும் உத்தரவாதம் கிடையாது. வந்த பயிற்சி வகுப்பையெல்லாம் நடத்திவிட்டு மிச்ச நாளில் போகவேண்டியதுதான். முதல்வருக்கு எழுதும் கடிதம் நாலு வரிக்கு மேல் வேண்டாம். பள்ளியின் பெயர், வகுப்பு, கிழமைகள், பாடவேளை. நோக்கம் என்ற இடத்தில் "பார்வையிட" என்று எழுதிவிடாதீர்கள். நான் முதல் ஆண்டு அப்படித்தான் எழுதினேன். நகல் பள்ளிக்குப் போய், நான் போவதற்குள் மூன்றாம் வகுப்புக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். ஈரம் காயாத சுவரில் சாய்ந்து என் புடவை முழுக்கச் சுண்ணாம்பு. "கற்பிக்க" என்று எழுதுங்கள்.